ஊசிக்கு பயந்து ஓட்டமா?

மங்கலம்பேட்டை டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணப் போனேன். சர்க்கரை ஜாஸ்தியாம், முதல்ல இன்சுலின் ஊசி போடணும்னாங்க. ஓடி வந்துட்டேன்!"

ஓடி வந்தது தப்பு அண்ணே!

இன்சுலின் என்ன விஷமா? நம் வயிற்றில் உள்ள கணையம் தினமும் சுரக்கும் ஹார்மோன்தான் அது. போதாதவர்களுக்கு ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். 1922-ல் கனடா நாட்டு டொரண்டோ நகரில் 14 வயது சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். சாகக் கிடந்த அவன், மேலும் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான்.

கத்தி பட்டதும் உடம்பு பதறும். இருக்கிற சர்க்கரை இன்னும் எகிறும். எகிறினால் புண் லேசில் ஆறாது, சீழ் பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் முன்கூட்டியே ஊசி. புண் ஆறியதும் பலர் பழையபடி மாத்திரைக்கே திரும்பிவிடலாம்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. சீட்டு எழுதித் தள்ளினால் போதாது. ஊசி எதற்கு என்று இரண்டு நிமிஷம் எடுத்துச் சொல்லுங்கள். பாதி பேர் ஓட மாட்டார்கள்.

நோயாளிகளே, டாக்டரிடம் சர்க்கரையை மறைக்காதீர்கள். ஊசி வலி ஒரு நொடி. ஆறாத புண்ணின் வலி மாதக்கணக்கில்!