பத்து அங்குலமா, பதினைந்து அங்குலமா?

ராக் இசை மேடைகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோலோச்சும் பேஸ் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் செய்த எஸ்விடி பெட்டி அது. 4 அடி உயரம். உள்ளே 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. பின்னாளில் வந்த எஸ்விடி-810இ மாடலின் எடை சுமார் 63 கிலோ. இரண்டு ஆள் இல்லாமல் மாடிப்படி ஏறாது. இவ்வளவு பெரிய பெட்டி, பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரத்தை முழுப் பலத்தோடு ஒலிப்பதில்லை என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் அதன் விவரத்தாளே அதைச் சொல்கிறது. நான்கு தந்தி பேஸில் தடித்த இ தந்தியைச் சும்மா மீட்டினால் எழும் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். இந்தப் பெட்டியின் ஒலியோ 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடுகிறது. 40 ஹெர்ட்ஸுக்கு வரும்போது 10 டெசிபல் போய்விடுகிறது; காதுக்கு அது பாதிக்கும் கீழே.

அப்படியிருந்தும் அந்தப் பெட்டியின் ஒலியைக் கேட்ட யாரும் ‘அடி இல்லை’ என்று குறை சொன்னதில்லை. கனமான, நெஞ்சில் முட்டும் பேஸ் ஒலிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் இசைக்கலைஞர்கள் இதைத்தான் கைகாட்டுகிறார்கள். பேஸ் பெட்டிகளின் தொனியை ஒப்பிடுகிறவர்கள் முதலில் நிதானிக்க வேண்டிய இடம் இது. பெட்டி எவ்வளவு ஆழம் போகிறது என்ற கேள்வியையும், ஸ்பீக்கர் எத்தனை அங்குலம் என்ற கேள்வியையும் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் ஒலியைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன.

காரணம் காதில் இருக்கிறது. 41 ஹெர்ட்ஸ் தந்தி அந்த ஒரே அதிர்வை மட்டும் தருவதில்லை. 82, 124, 165 என்று மேலே மேலே துணை அதிர்வுகளையும் சேர்த்தே தருகிறது. அடிப்படை அதிர்வு மங்கினாலும், மேலே உள்ளவற்றின் இடைவெளியை வைத்து மூளை அந்தச் சுரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. தமிழ் இசை ரசிகர்களுக்கு இதைவிடப் பழக்கமான அனுபவம் வேறு இருக்க முடியாது. 1980களில் இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் போன்றவர்கள் வாசித்த பேஸ் வரிகளை ஊரே டிரான்சிஸ்டர் வானொலியில்தான் கேட்டது. உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸை எழுப்ப வழியே இல்லை. ஆனாலும் பல்லவிக்கு அடியில் பேஸ் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று வாயால் பாடிக்காட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பின்தொடர்ந்தது அந்தச் சுரங்களின் நடுப்பகுதி அதிர்வுகளை. பேஸ் கிட்டாரின் பேச்சு புரிவது பெரும்பாலும் அங்கேதான்.

இனி அங்குலக் கணக்கு. ‘பத்து அங்குலம் துடிப்பாக இருக்கும், பதினைந்து அங்குலம் ஆழமாக இருக்கும்’ என்பது கடைகளில் கேட்கும் வேதவாக்கு. கூம்பின் பரப்பை மட்டும் பார்த்தாலே அது தள்ளாடத் தொடங்குகிறது. ஒரு 15 அங்குல வட்டத்தின் பரப்பு 177 சதுர அங்குலம். நான்கு 10 அங்குல வட்டங்கள் சேர்ந்தால் 314. காற்றை அதிகம் தள்ளுவது எது?

வரலாறு இன்னும் தெளிவான சாட்சி. லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் 1951இல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அதற்கென பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயர் வந்தது. முதலில் அதில் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். 1950களின் நடுவில் அது நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்கு மாறியது. பெட்டியின் முதுகு திறந்தே இருந்தது. கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் எதிரெதிர் அலைகள். முதுகு திறந்த பெட்டியில் தாழ்ந்த அதிர்வுகள் சுற்றிவந்து ஒன்றையொன்று கரைத்துக்கொள்கின்றன. பேஸுக்காகப் பிறந்த அந்தக் கருவியைக் கொண்டாடியவர்கள் சாதாரண கிட்டார்க்காரர்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் 1962இல் தன் முதல் ஆம்ப்பைச் செய்தபோது எடுத்துக்கொண்ட முன்மாதிரி இந்த பேஸ்மேனின் சர்க்யூட்தான். ராக் கிட்டாரின் உறுமல் பிறந்த வழி அது.

அதே 10 அங்குல அளவை எடுத்து, பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே நான்கு அறைகளாகத் தடுத்து, அறைக்கு இரண்டாக எட்டு ஸ்பீக்கர்களை அடுக்கியபோது எஸ்விடி பெட்டி பிறந்தது. 1969ஆம் ஆண்டின் இறுதியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் 300 வாட் எஸ்விடி ஆம்ப்களோடு மேடையேறியது. அங்குலம் ஒன்றுதான். ஒரு பெட்டி கிட்டாரின் குரலானது, இன்னொன்று பேஸின் முதுகெலும்பானது. வேறுபாட்டின் பெரும்பங்கு மரவேலையில் இருந்தது.

மூடிய பெட்டிக்கும் துளை வைத்த பெட்டிக்கும் உள்ள வேறுபாடு கிட்டார் கடைகளில் பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படுவதில்லை. மூடிய பெட்டியில் ஒலி கீழே போகப்போக மெல்ல இறங்குகிறது. ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபல். துளை வைத்த பெட்டி, துளையின் காற்றையும் சேர்த்து அதிரவைத்து, குறிப்பிட்ட ஓர் எல்லை வரை அடியைத் தாங்கிப் பிடிக்கிறது. எல்லை தாண்டியதும் ஸ்தாயிக்கு 24 டெசிபல் என்று செங்குத்தாக விழுகிறது. அந்த எல்லைக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானமும் போய்விடும். வேகமாக அடித்தால் அது வீணாக ஆடி, சேதமாகவும் கூடும். முதல் வகை, சுரம் முடிந்த இடத்தில் முடிந்ததுபோல் கேட்கும். இரண்டாவது வகை, சரியாகக் கணக்கிடப்பட்டிருந்தால் சிறிய பெட்டியிலும் நிறைவு தரும்; கணக்குத் தப்பினால் ஏதோ ஒரு சுரம் மட்டும் எப்போதும் வீங்கிக் கேட்கும்.

இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியவர்கள் இருவர். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் துளைப் பெட்டிகள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரித்தார். இன்று தனியாக விற்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றின் தாளில் இந்த இருவர் பெயரால் வழங்கும் எண்கள் இருக்கும். ஒரு ஸ்பீக்கரை எந்த அளவுப் பெட்டியில் வைத்தால் எப்படிப் பாடும் என்று மரம் அறுக்கும் முன்பே சொல்லிவிடலாம். இதோடு, கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் ஒரு விதி உண்டு. சிறிய பெட்டி, தாழ்ந்த ஒலி, குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருவர் பெறமுடியும். எஸ்விடி பெட்டி சத்தத்தைத் தேர்ந்துகொண்டது. அதன் அளவோடு ஒப்பிட்டால் ஆழத்தை விட்டுக்கொடுத்தது. நியோடிமியம் காந்தங்கள் வந்து எடை வெகுவாகக் குறைந்த இந்தக் காலத்திலும் விதி மாறவில்லை. தூக்க எளிதான, சின்னஞ்சிறு, இடிபோல் முழங்கும் பெட்டி என்ற விளம்பரத்தைப் பார்த்தால், அதற்காக எது கைவிடப்பட்டது என்று வாங்குபவர் கேட்க வேண்டும்.

பெட்டியை விட்டு வெளியே வந்தால் அறை இருக்கிறது. சுவரை விட்டு ஸ்பீக்கர் 1 மீட்டர் தள்ளி நின்றால், பின்னால் போய்ச் சுவரில் மோதித் திரும்பும் ஒலி 2 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. 86 ஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 4 மீட்டர். எனவே திரும்பும் அலை சரியாகப் பாதி அலை பிந்தி வந்து, முன்னால் போகும் அலையைப் பெருமளவு அழித்துவிடுகிறது. டி தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் பிடிக்கும் எஃப் சுரம் 87 ஹெர்ட்ஸ். ஆக, பெட்டி நின்ற இடம் ஒரு சுரத்தின் அடியை உருவிவிட்டது. குறை வாசித்தவர் மேலும் இல்லை, பெட்டி மேலும் இல்லை. அதே பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால் அந்தப் பள்ளம் மேலே நகர்ந்து, அடி தடிக்கும். கடையில் ஒரு மூலையில் நின்ற பெட்டியையும் நடுவில் நின்ற பெட்டியையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் நியாயமே கிடையாது.

காது இன்னொரு வகையிலும் ஏமாற்றும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டியபடி, சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் காதைவிட்டு நழுவுகின்றன. ஒரே ஆம்ப்பில் இணைத்த இரண்டு பெட்டிகளில் ஒன்று 100 டெசிபலும் மற்றொன்று 97 டெசிபலும் தந்தால், இரண்டாவது அதே சத்தத்தை எட்ட இரண்டு மடங்கு வாட் வேண்டும். ஆனால் கேட்பவருக்கு அது சத்த வேறுபாடாகத் தோன்றாது. முதல் பெட்டியில் ‘தொனி நிறைவாக இருக்கிறது’ என்றே தோன்றும். சத்தத்தைச் சமப்படுத்தாமல் செய்த ஒப்பீட்டில் வென்ற பெட்டியைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அது சத்தமாக இருந்தது.

யாருக்காக ஒப்பிடுகிறோம் என்பது அடுத்த கேள்வி. 1960களின் இறுதியில் வந்த அக்கூஸ்டிக் 360 ஆம்ப்பின் பெட்டியில் ஒரே ஒரு 18 அங்குல ஸ்பீக்கர், பின்பக்கம் பார்த்தபடி, மடித்த குழல் ஒன்றுக்குள் ஊதியது. எதிரே சில மீட்டர் தள்ளி நிற்பவருக்குத்தான் அதன் ஒலி கூடிவரும்; அருகில் நிற்கும் வாசிப்பாளருக்குக் குறைவாகவே கேட்கும் என்பது அதைப் பயன்படுத்தியவர்களின் அனுபவம். வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் 1976இல் சேர்ந்த ஜாக்கோ பஸ்டோரியஸ் இந்த ஆம்ப்பை வைத்துத்தான் தன் ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பேஸைப் பாடவைத்தார். அவர் விரும்பியது பாலத்துக்கு அருகிலுள்ள பிக்கப்பின் கூர்மையான, மூக்கொலி கலந்த நடுப்பகுதியை. 18 அங்குல ஸ்பீக்கர் என்றதும் மனதில் எழும் சித்திரத்துக்கும் அந்தக் குரலுக்கும் எவ்வளவு தூரம்!

அக்கூஸ்டிக் பெட்டி அருகில் நிற்பவருக்குச் சரியாகக் கேட்காது; எஸ்விடி பெட்டியின் உயரமோ அதற்கு நேர் எதிரான உதவி. அதன் மேல்வரிசை ஸ்பீக்கர்கள் வாசிப்பவரின் காதுக்குப் பக்கமாக வருகின்றன. முழங்கால் உயரத்தில் நிற்கும் சிறிய பெட்டியில் உயர்ந்த அதிர்வுகள் கால்சட்டையைத்தான் தொடும். தன் ஒலி தெளியாத வாசிப்பாளர் சத்தத்தைக் கூட்டுவார், அரங்கு இரையும். இந்த எளிய காரணத்தை விட்டுவிட்டு, கூம்பின் காகிதத்தில் மந்திரம் தேடுவது வீண் வேலை.

பெட்டியே இல்லாத ஒலியும் உண்டு. டெட்ராய்ட்டின் மோடவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ்தான் பிற்காலத்தில் பல தலைமுறை வாசிப்பாளர்களுக்குப் பாடம். கிளப்புகளில் அவரோடு போனது ஆம்பெக் பி-15. 1960இல் வெளிவந்த, ஒரே 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட, வேலை முடிந்ததும் ஆம்ப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெட்டிக்குள் மூடிவிடக்கூடிய அழகான கருவி. ஆனால் ஸ்டூடியோவில் அவருடைய கிட்டார் பெரும்பாலும் நேரடியாக மிக்சருக்குத்தான் போனது. உலகம் கேட்டு மயங்கிய அந்தத் தொனி பழைய, தட்டையாகச் சுற்றப்பட்ட தந்திகளிலும், அவருடைய ஒற்றைச் சுட்டுவிரலிலும் இருந்து வந்தது. மோடவுன் ஒலி வேண்டும் என்று பி-15ஐத் தேடி அலைபவர்களுக்கு நல்ல ஆம்ப் ஒன்று கிடைக்கும். அந்தத் தொனிக்கு, முதலில் தந்தியை மாற்றிப் பார்ப்பது மலிவு.

இங்குள்ள மெல்லிசை மேடைகளுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ‘பேஸ் வேண்டும்’ என்றால் பல சவுண்ட் சர்வீஸ்காரர்கள் சப்வூஃபரை ஏற்றுகிறார்கள். நாற்காலி அதிர்கிறது, பேஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்பது மட்டும் கேட்பதில்லை. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். அதை வெறும் அதிர்வாக்குவது பாட்டின் ஒரு குரலை வெட்டி எறிவதற்குச் சமம். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம் இறக்கி, சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியைத் திறந்துவிட்டால் டிரான்சிஸ்டரில் கேட்ட அந்த வரி அரங்கிலும் கேட்கும்.

பெட்டி வாங்கப் போகிறவருக்கும் வழி இருக்கிறது. டெசிபல் அளக்கும் செயலி இன்று எல்லார் கைப்பேசியிலும் வரும். அது ஆய்வகத் துல்லியம் தராது, ஆனால் இரண்டு பெட்டிகளின் சத்தத்தைச் சமப்படுத்தப் போதும். இரண்டையும் ஒரே இடத்தில், சுவரிலிருந்து ஒரே தூரத்தில் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நண்பர் ஒருவர் வாசிக்க, வாங்குபவர் பத்தடி தள்ளி நின்று கேட்க வேண்டும். முடிந்தால் ஒரு டிரம்ஸ் பதிவையாவது கூடவே ஓடவிட வேண்டும். தனியாகக் கேட்கும்போது நடுப்பகுதியைக் குழித்து, அடியையும் உச்சியையும் தூக்கிய ஒலி இனிக்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

தயாரிப்பாளர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. பல பெட்டிகளின் தாளில் ‘40 ஹெர்ட்ஸ் முதல்’ என்று மட்டும் இருக்கும். அது 3 டெசிபல் இறக்கத்திலா, 10 டெசிபல் இறக்கத்திலா என்று இருக்காது. ஆம்பெக் இரண்டையும் அச்சிட்டதால்தான் எஸ்விடி பெட்டியைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேச முடிகிறது. மற்ற நிறுவனங்களும் அந்த இரண்டு எண்களோடு, 1 வாட்டுக்கு 1 மீட்டரில் எத்தனை டெசிபல் என்பதையும், முழு வரைபடத்தையும் பெட்டியின் முதுகிலேயே ஒட்டித் தரவேண்டும். இவை தராத பெட்டிக்கு, கடையில் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.