தேய்ந்ததை மாற்றுங்கள், பிறகு லெவல் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பொறுமையாக முழுவதும் படித்துவிடுங்கள்.

என் தங்கை மகன் போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தன் 2009 மாடல் டவேராவின் படத்தைப் போட்டிருந்தார். "மாமா, முன்பக்கம் ரொம்ப இறங்கியிருந்துச்சுங்க. ஷெட்டில் டார்ஷன் பாரைத் திருகித் தூக்கி விட்டுட்டாங்க. அரை மணி நேர வேலைதான். இப்பப் பாருங்க, கோடு போட்ட மாதிரி லெவலா நிக்குது" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். இன்னொரு பக்கம், "இதை இன்னும் எதுக்கு வெச்சிருக்கீங்க, தள்ளிவிட்டுப் புதுசு வாங்குங்க" என்று சிலர். எனக்கு இரண்டு தரப்பும் உடன்பாடில்லை. இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். பழைய வண்டி தாழ்ந்து போனால் அதைத் தூக்கி நிறுத்துவது வைத்தியம் அல்ல. எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்து முதலில் அதை மாற்ற வேண்டும். உயரத்தைச் சரி செய்வது கடைசி வேலை. வரிசை தலைகீழானால் காசு போவது மட்டுமில்லை, ஆபத்தும் கூட வரும். வரிசையாகச் செய்தால், பாடியும் இன்ஜினும் நன்றாக இருக்கிற வண்டியை விற்க வேண்டிய அவசியமே இல்லை.

"வாத்தியாருக்கு மெக்கானிக் வேலை என்ன தெரியும்?" என்று கேட்கலாம். நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான். ஆனால் என்னிடம் 2003 மாடல் குவாலிஸ் இருக்கிறது. என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர் ஒருவர் நாமக்கல் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். லாரி பாடி கட்டும் ஊர் அது; ஸ்பிரிங் வேலைக்கு அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. சென்ற ஆண்டு என் வண்டியின் சஸ்பென்ஷன் முழுவதையும் அவர் கழற்றி மாட்டிய நான்கு நாளும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு நான் பாடம் நடத்தியது போக, அந்த நான்கு நாள் அவர் எனக்கு நடத்தினார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே "ஷாக் போயிடுச்சு" என்கிறோம். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் அல்ல, ஸ்பிரிங். குழியில் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. எனவே புது ஷாக் நான்கு போட்டாலும் தாழ்ந்த வண்டி ஏறாது. குலுக்கல் குறையும், உயரம் அப்படியே இருக்கும். மூன்றாவதாக புஷ், பால் ஜாயிண்ட் என்று கீல் மாதிரி வேலை செய்யும் பாகங்கள். இவை சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பவை. தாங்குவது, அடக்குவது, பிடிப்பது என்று மூன்று வேலை. கோளாறு எந்த வேலையில் என்று தெரியாமல் செலவு செய்யக்கூடாது.

குவாலிஸ், டவேரா இரண்டிலும் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டறைகளில் பிளேட் செட் என்கிறார்களே, அது. முன்பக்கம் டார்ஷன் பார். சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளமான எஃகுக் கம்பி ஒன்று முறுக்கிக்கொண்டு பாரம் தாங்குகிறது. ஈரத் துணியைப் பிழியும்போது கையை விட்டால் திரும்புகிறதே, அந்த மாதிரி. கம்பியின் ஒரு முனை முன்சக்கரத்தின் ஆர்மில் இருக்கும். மறுமுனையில் ஒரு போல்ட். அதைத் திருகினால் வண்டியின் முன்பக்கம் ஏறும்.

ஏறுகிறதே, அது போதாதா? போதாது. நான் வகுப்பில் ஸ்பிரிங் தராசில் கல்லைத் தொங்கவிட்டு ஹூக் விதி காட்டியது சிலருக்கு நினைவிருக்கும். ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டது. எடை இரண்டு மடங்கானால் நீட்சியும் இரண்டு மடங்கு. ஆனால் மீட்சி எல்லையைத் தாண்டினால் ஸ்பிரிங் பழைய அளவுக்குத் திரும்பாது. வண்டி ஸ்பிரிங்கும் இப்படித்தான். பல வருடப் பாரத்தில் சிறிது சிறிதாக நிரந்தரமாகத் தணிந்துவிடுகிறது. போல்டைத் திருகும்போது கம்பிக்குப் புதிய பலம் எதுவும் வருவதில்லை. அது தொடங்கும் இடம்தான் மாறுகிறது. அந்த போல்ட் இருப்பது சின்னத் திருத்தத்துக்கு. அதை வைத்தே வண்டியைத் தூக்கினால் கீழ் ஆர்ம் சரிவாகத் தொங்க ஆரம்பிக்கும். சக்கரம் குழியில் கீழே இறங்குவதற்கு இடம் இருக்காது. ஒவ்வொரு குழியிலும் "டக்" என்று ஆர்ம் தடையில் போய் இடிக்கும். பால் ஜாயிண்ட் எப்போதும் சாய்ந்த நிலையிலேயே உழைக்கும், அதன் ரப்பர் உறை கிழியும், உள்ளே மண் போகும். சக்கரத்தின் சாய்வும் மாறுவதால் டயர் ஒரு ஓரமாகத் தேயும். மிச்சப்படுத்திய காசு டயர் கடையில் போய்விடும்.

இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. இந்த மாதிரி வண்டிகள் காலியாக நிற்கும்போது பின்பக்கம் சற்று உயர்ந்து இருக்கும்படிதான் பெரும்பாலும் செய்யப்படுகின்றன. அது குறை அல்ல. ஒன்பது பேர் ஏறினால் அதில் ஏழு பேரின் பாரம் பெரும்பாலும் பின்சக்கரத்தின் பக்கம்தான் விழும். அப்போது பின்பக்கம் இறங்கி வண்டி சமமாகும். காலியாக இருக்கும்போதே கோடு போட்ட மாதிரி லெவலாக நின்றால், ஆள் ஏறியதும் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகும். ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருகிறவன் கண்ணில் விழும். ஆடி 18-க்கு இதே வண்டியில் பெரியவர்கள், குழந்தைகள் என்று ஒன்பது பேர் கொல்லிமலை போவதாகத் திட்டம். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். வீட்டு வாசலில் எடுத்த படத்தில் லெவலாகத் தெரிவதற்கும் அறுபதாவது வளைவில் முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்பதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? என் வண்டியில் நடந்ததையே சொல்கிறேன்.

முதலில் அளந்தோம். சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் சரியான காற்று வைத்து, உள்ளே இருந்த சாமான்களை எல்லாம் இறக்கினோம். வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தி அமர விட்டோம். பிறகு சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு இடத்திலும் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதினோம். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால்தான் மையத்திலிருந்து. முன்பக்க வலது, இடதைவிட 2.5 செ.மீ. தாழ்ந்திருந்தது. ஓட்டுநர் எப்போதும் அந்தப் பக்கம்தானே உட்காருகிறார். பின்பக்க இடதும் தாழ்ந்திருந்தது.

இங்கே அவசரப்படக்கூடாது. வகுப்பறையில் ஆடுகிற பெஞ்சுக்கு ஒரு கால் அடியில் அட்டையை மடித்து வைப்பீர்களே, நினைவிருக்கிறதா? அந்தக் கால் உயர்ந்தால் எதிர் மூலையில் இருக்கிற காலுக்கும் சேர்த்துப் பாரம் ஏறும். வண்டியும் நாலு கால் பெஞ்சுதான். பின்பக்க இடது தணிந்தால் அது எதிர் மூலையான முன்பக்க வலதையும் பாதிக்கும். ஆகவே முன்பக்க போல்டை உடனே திருகாமல் பின்பக்கத்திலிருந்து தொடங்கினார் என் மாணவர்.

பிளேட் செட்டைக் கழற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. இடது பக்கத்தில் ஒரு பிளேட், சென்டர் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருந்தது. பழைய பிளேட்டை அடித்து வளைத்து மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். விரிசல் விட்டதை வளைக்கவே கூடாது. விரிசல் இல்லாததையும் வெறுமனே அடித்து வளைத்தால் அது சீக்கிரமே மறுபடி தணிந்துவிடும். முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் நிற்கும். கூடுதலாக ஒரு பிளேட் சொருகுவதும் வழக்கம். அதில் உயரம் வரும், ஆனால் ஸ்பிரிங் கடினமாகி, இரண்டு பேர் போகும்போது கட்டை வண்டியில் போகிற மாதிரி இருக்கும். நாங்கள் இரண்டு பக்கமும் புது செட்டே போட்டோம். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்று வைத்தால் சாய்வு போகாது. யூ போல்ட்டுகளையும் புதிதாகப் போட்டு, 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கினோம். புது ஸ்பிரிங் அமரும்போது அவை தளரும். இதைப் பலர் செய்வதில்லை.

முன்பக்கம் கீழ் ஆர்ம் புஷ்களும் பால் ஜாயிண்ட்களும் மாறின. இங்கே ஒரு நுணுக்கம், மெக்கானிக் வேலை செய்யும் மாணவர்கள் கவனியுங்கள். ரப்பர் புஷ் மாட்டும்போது வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கையில் ஆர்ம் போல்டை முழுவதும் இறுக்கக்கூடாது. சக்கரம் தரையில் இருந்து வண்டியின் பாரம் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சில மாதத்தில் கிழியும். "போன வருஷம்தான் புஷ் மாத்தினேன், அதுக்குள்ள போயிடுச்சு" என்ற புலம்பலுக்கு இது ஒரு காரணம். டார்ஷன் பாரைக் கழற்றினால் இடது, வலது மாறாமல் மாட்ட வேண்டும். இரண்டும் எதிரெதிர் திசையில் முறுக்கிப் பழகியவை.

ஷாக் நான்கையும் மாற்றிய பிறகு, கடைசியாகத்தான் டார்ஷன் பார் போல்டுக்கு வந்தோம். கொஞ்சம் திருகி, வண்டியை ஓட்டி அமர விட்டு, மறுபடி அளந்து, மறுபடி கொஞ்சம். முன்பக்க இடது வலது வித்தியாசம் 5 மில்லிமீட்டருக்குள் வந்ததும் நிறுத்திவிட்டோம். பின்பக்கம் சற்று உயர்ந்தே நிற்கிறது. அதை அப்படியே விட்டோம். பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் திருத்தம். உயரம் மாறினால் இந்த இரண்டும் கட்டாயம். சில வண்டிகளில் பாரத்துக்குத் தக்கபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பின் ஆக்சிலோடு இணைந்திருக்கும். பின்பக்கத்தை அளவுக்கு மேல் உயர்த்தினால், வண்டி காலியாக இருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டு பிரேக்கைக் குறைத்துவிடும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மொத்தச் செலவு என் ஒரு மாதப் பென்சனைவிடக் கொஞ்சம் குறைவு. "அவ்வளவு செலவா, விற்றுவிடலாமே" என்பவர்களுக்கு: புது வண்டிக்கு மாதாமாதம் அதற்கு மேல் தவணை கட்ட வேண்டும், ஐந்து வருடத்துக்கு. ஆனால் சேஸிஸ் துருப்பிடித்து, பிளேட் தாங்கும் பிராக்கெட்டே அரித்துப் போயிருந்தால் என் பேச்சைக் கேட்க வேண்டாம், விற்றுவிடுங்கள். 15 வருடம் தாண்டினால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்பே அடியில் படுத்துப் பார்த்து ஒரு முடிவெடுப்பது நல்லது.

தங்கை மகனுக்கு: மாப்பிள்ளை, அந்த போல்டைப் பழைய இடத்துக்கு இறக்கச் சொல்லிவிட்டு நாலு மூலையையும் அளந்து எனக்கு அனுப்புங்கள். பால் ஜாயிண்ட், புஷ், பிளேட் மூன்றையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடி 18-க்குள் வேலை முடியாவிட்டால் பஸ்ஸில் போவோம். கொல்லிமலைக்கு நல்ல பஸ் இருக்கிறது, நானும் வருகிறேன்.

மற்றவர்கள் உங்கள் வண்டியையும் ஒரு முறை அளந்து பாருங்கள். டேப் ஒன்று போதும், பத்து நிமிட வேலை. அளவைக் கமெண்டில் போட்டால் பட்டறை வைத்திருக்கும் நம் மாணவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்