காசு இருந்தால்தான் கிரிக்கெட்டா?

ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமைக்கான இப்போதைய ஒப்பந்தம் 2027-ம் ஆண்டுப் போட்டிகளுடன் முடிவடைகிறது. இந்திய அணி சொந்த மண்ணில் ஆடும் ஆட்டங்களுக்கான ஒப்பந்தம் 2028 மார்ச் மாதம் வரைதான். அதன்பிறகு மீண்டும் ஏலம். மீண்டும் கோடிகள் பேசப்படும்.

எந்த முதலாளி வாங்கினார், எவ்வளவுக்கு வாங்கினார் என்ற விவரமெல்லாம் கொட்டை எழுத்தில் வரும். ஆனால், ஒயிட்பீல்டில் ஒரே அறையில் நான்கு பேராகத் தங்கி வேலை பார்க்கும் தொழிலாளி அந்த ஆட்டத்தைப் பார்க்க எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டிய நேரம் ஏலத்துக்குப் பிறகு அல்ல. அதற்கு முன்புதான்.

அன்று இருந்த நிலை

சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ந்தேதியும், பெங்களூரில் 1981 நவம்பர் 1-ந்தேதியும் தூரதர்ஷன் நிலையங்கள் தொடங்கின. 1983 ஜூன் 25-ந்தேதி லார்ட்ஸ் மைதானத்தில் கபில்தேவ் உலகக் கோப்பையை வாங்கியதைத் தூரதர்ஷன் நேரடியாகக் காட்டியது. டெலிவிஷன் உள்ள வீடு தெருவுக்கு ஒன்றுதான். ஆனால் ஏரியல் இருந்தால் போதும், ஆட்டத்துக்கென்று தனிக் கட்டணம் கிடையாது.

அந்தக் காலத்தில் ஒளிபரப்பு உரிமைக்கு விலையே இல்லை. ஆட்டத்தைக் காட்டுவதற்குத் தூரதர்ஷன் கிரிக்கெட் வாரியத்துக்குப் பணம் கொடுப்பதற்குப் பதிலாக, வாரியத்திடமே பணம் கேட்ட காலம் அது.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

1993-ல் நிலைமை மாறியது. ஹீரோ கோப்பைப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூரதர்ஷன் எதிர்த்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

1995 பிப்ரவரி 9-ந்தேதி தீர்ப்பு வந்தது. வானலைகள் மக்களின் பொதுச்சொத்து என்றும், அவற்றின் மீது அரசாங்கம் ஏகபோகம் கொண்டாட முடியாது என்றும் நீதிபதிகள் கூறினார்கள். இதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. ஏகபோகம் அரசாங்கத்திடம் இருந்தாலும் தவறு, தனியாரிடம் இருந்தாலும் தவறு என்பதே அது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நாடு மறந்துவிட்டது.

பாதி திறந்த கதவு

தனியார் சேனல்கள் பெருகின. முக்கிய ஆட்டங்கள் கட்டணச் சேனல்களுக்குப் போய்விட்டன. ஏழை ரசிகனுக்கும் வழி வேண்டும் என்பதற்காக 2007-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று மத்திய அரசு அறிவிக்கும் போட்டிகளின் நேரடி ஒளிபரப்பை, உரிமை பெற்ற தனியார் நிறுவனம் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். டெலிவிஷன் விளம்பர வருமானத்தில் தனியாருக்கு 75 சதவீதம், பிரசார் பாரதிக்கு 25 சதவீதம்.

இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள் ஆட்டங்களும் இருபது ஓவர் ஆட்டங்களும் இந்தப் பட்டியலில் உள்ளன. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டுப் போட்டிகளும் உள்ளன. ஐ.பி.எல். இல்லை. எனவே சென்னை அணியும் பெங்களூர் அணியும் மோதும் ஆட்டத்தைக் காட்டித்தான் ஆகவேண்டும் என்று தூரதர்ஷன் உரிமையோடு கேட்க முடியாது.

2017 ஆகஸ்டு மாதம் இன்னொரு தீர்ப்பு வந்தது. தனியாரிடமிருந்து பெறும் ஒளிபரப்பைத் தூரதர்ஷன் தன் சொந்தக் கோபுரங்கள் வழியாகவும், ‘பிரீ டிஷ்’ வழியாகவும் மட்டுமே காட்டலாம், கேபிள்காரர்கள் மூலம் காட்டக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. இந்தியா ஆடும்போது கேபிளில் டி.டி. ஸ்போர்ட்ஸ் சேனலைப் போட்டால் ஆட்டம் வராமல் அறிவிப்பு மட்டும் வருவதற்குக் காரணம் இதுதான். அது கேபிள்காரரின் குறும்பு அல்ல.

சொந்தக் கோபுரங்களின் கதையும் முடிந்துவிட்டது. ஏரியலுக்குப் படம் அனுப்பிய பழைய டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றைத் தூரதர்ஷன் 2022-க்குள் மூடிவிட்டது. ஆகவே இலவசமாக டெலிவிஷனில் பார்க்க இன்று எஞ்சியிருக்கும் பெரிய வழி ‘பிரீ டிஷ்’ ஒன்றுதான்.

எல்லாம் ஒரே கையில்

2022 ஜூன் மாதம் நடந்த ஏலத்தில் 5 ஆண்டுகளுக்கான ஐ.பி.எல். உரிமை ரூ.48 ஆயிரத்து 390 கோடிக்குப் போனது. 410 ஆட்டங்கள் என்ற கணக்கில் ஓர் ஆட்டத்துக்கு ரூ.118 கோடி! 2017 ஏலத்தில் வந்தது ரூ.16 ஆயிரத்து 347 கோடியே 50 லட்சம். ஐந்தே ஆண்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு.

அந்த ஏலத்தில் டெலிவிஷன் உரிமையை டிஸ்னி ஸ்டார் எடுத்தது. இணைய உரிமையை ரிலையன்சைச் சேர்ந்த வயாகாம்18 எடுத்தது. இரண்டு பேரும் போட்டி போட்டதால் ரசிகனுக்குக் கொஞ்சம் லாபம் கிடைத்தது. 2023-ல் ஐ.பி.எல். முழுவதையும் செல்போனில் இலவசமாகவே பார்க்க முடிந்தது.

அந்தப் போட்டி நீடிக்கவில்லை. 2024 நவம்பரில் இரு நிறுவனங்களும் இணைந்தன. ஐ.பி.எல்., இந்திய அணியின் உள்நாட்டு ஆட்டங்கள் இரண்டின் உரிமையும் ரிலையன்ஸ் கட்டுப்பாட்டில் உள்ள ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்தன. 2025 ஐ.பி.எல். போட்டிகளை முழுமையாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும், அல்லது குறிப்பிட்ட தொகைக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்றாகிவிட்டது.

கடையில் இரண்டு வியாபாரிகள் இருக்கும்வரைதான் பேரம். ஒருவரே இரண்டு கடைக்கும் சொந்தக்காரர் ஆகிவிட்டால் அவர் சொன்னதே விலை. 1995-ல் அரசாங்கத்தின் ஏகபோகத்தை உடைத்தோம். முப்பது ஆண்டுகள் கழித்துத் தனியார் ஏகபோகத்தின் வாசலில் நிற்கிறோம்.

நம்மவர் நிலை

கோலார் தங்கவயல், பங்காருப்பேட்டை, மாலூர் பக்கங்களிலிருந்து ரெயில் ஏறி ஒயிட்பீல்டில் வந்து இறங்கும் தமிழர்கள் ஏராளம். 2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அந்தக் குடும்பங்களுக்குப் பெங்களூர்தான் பிழைப்பு. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைக்காரர்களும் காடுகோடி, இம்மடிஹள்ளி, ஹூடி பகுதிகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். மாலை ஏழரை மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது ஒருவர் ரெயிலில் இருப்பார், ஒருவர் இரவு ஷிப்டுக்குப் புறப்படுவார். இவர்களுக்குச் செல்போன்தான் டெலிவிஷன்.

அறையில் கேபிள் வைத்திருப்பவருக்கு வேறு கவலை. கர்நாடகத்தில் கேபிள்காரர் கொடுக்கும் தொகுப்பில் கன்னடச் சேனல்கள் முதலில் வருவது இயல்பு. தமிழ்ச் சேனல்களையும், தமிழ் வர்ணனை தரும் விளையாட்டுச் சேனலையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குத் தனிக் காசு.

‘பிரீ டிஷ்’ வைக்கலாமே என்றால், மொட்டை மாடியில் தட்டு வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். வைத்தாலும் டி.டி. ஸ்போர்ட்சில் வர்ணனை பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழ் வர்ணனைக்கென்று தனி விளையாட்டுச் சேனல் 2017-ல் வந்ததே தனியார் மூலம்தான். சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் அழகு தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்த பெருமையுள்ள அரசு ஒளிபரப்பு, டெலிவிஷனில் இந்த இடத்தை விட்டுக்கொடுத்தது வருந்தத்தக்கது.

வெளிநாட்டில் என்ன நடக்கிறது?

இங்கிலாந்தில் சில முக்கியப் போட்டிகளை இலவசச் சேனல்களுக்கென்று சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. 2019 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் உரிமை அங்கே ‘ஸ்கை’ என்ற கட்டணச் சேனலிடம் இருந்தது. இங்கிலாந்து இறுதி ஆட்டத்துக்கு வந்ததும், அந்த ஆட்டத்தை ‘சேனல் 4’ இலவசமாகக் காட்டுவதற்கு ஸ்கை இணங்கியது.

அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரக் கூடைப்பந்துக் குழு 2023-ல் கட்டணச் சேனலை விட்டு விலகி, ஏரியல் மூலம் யாரும் பார்க்கக்கூடிய உள்ளூர் நிலையங்களுக்குத் தன் ஆட்டங்களைக் கொடுத்தது. கட்டண வேலிக்குள் நின்றால் ரசிகர் கூட்டம் கரைந்துவிடும் என்று அந்தக் குழு கணக்குப் போட்டது. முதலாளித்துவ நாட்டிலேயே இந்தக் கணக்கு செல்லும்போது நம் நாட்டில் ஏன் செல்லாது?

செய்ய வேண்டியது

முதலாவது, ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தையாவது தேசிய முக்கியத்துவப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, மத்திய அரசின் அறிவிப்பு போதும். ஏலத்துக்கு முன்பே அறிவித்துவிட்டால், வாங்குகிறவர் அதைத் தெரிந்துகொண்டே விலை கூறுவார். பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் சொல்லவும் முடியாது.

இரண்டாவது, 2007-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, தூரதர்ஷனுக்கு வரும் ஆட்டம் கேபிளிலும் வர வழிசெய்ய வேண்டும். 2018-லேயே இதற்கான வரைவு மசோதாவை வெளியிட்டு மத்திய அரசு கருத்துக் கேட்டது. அது சட்டமாகவில்லை.

மூன்றாவது, இந்தியா ஆடும் ஆட்டங்களைத் தமிழ் வர்ணனையுடன் டி.டி. தமிழும், கன்னட வர்ணனையுடன் டி.டி. சந்தனாவும் கொடுக்க வேண்டும். கபடி, கால்பந்து, மாநில அளவிலான கிரிக்கெட் ஆகியவற்றுக்கும் இந்த நிலையங்கள் இடம் தரலாம். இவற்றுக்குக் கோடிக்கணக்கில் விலை கொடுக்க வேண்டியதில்லை.

உரிமைத் தொகை உயர்ந்ததால் ஆட்டக்காரர்களின் வருமானமும் மைதானங்களும் உயர்ந்திருக்கின்றன என்று கிரிக்கெட் வாரியம் சொல்லும். அது உண்மையே. ஆனால் அந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. விளம்பரம் செய்யும் சோப்பின் விலையிலும், கேபிள் பில்லிலும், ரீசார்ஜிலும் ரசிகனிடமிருந்து வசூலான பணம்தான் அது. பணம் கொடுப்பவனுக்குப் பார்க்கும் உரிமையில் ஒரு சிறு பங்காவது இருக்க வேண்டாமா?

அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். 2019 முதல் சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க விதி இருக்கிறது. விளையாட்டுச் சேனலைப் போட்டி நடக்கும் மாதங்களில் மட்டும் வாங்கி, மற்ற மாதங்களில் நிறுத்திவிடலாம். கேபிள்காரரிடம் பில் கேட்டு, எந்தச் சேனலுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பார்க்காத சேனலுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.