வேலைக்கு ஆள் எடுப்பதிலும் கணக்கு வேண்டும்

தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வத்தல்மலை. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு எனச் சிற்றூர்கள். காபியும் மிளகும் சிறுதானியமும் விளைகின்றன. அங்கே வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். அரசுப் பேருந்து மலையேறியது அண்மை ஆண்டுகளில்தான். பிள்ளைகள் படிக்கக் கீழே இறங்கி வருவது இப்போது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. படித்து முடித்த பிறகு அவர்களுக்கு வேலைக்கான கதவை யார் திறக்கிறார்கள், எதைப் பார்த்துத் திறக்கிறார்கள் என்பதை இன்று பேசுவோம்.

கம்பெனிகளில் அந்தக் கதவில் நிற்பவர்களை 'எச்.ஆர்.' என்கிறோம். ஆளைத் தேடுவது, நேர்காணல் நடத்துவது, சம்பளம் முடிவு செய்வது, பதவி உயர்வு தருவது, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அவர்கள் வேலை. கல்லூரியில் அதற்கு மனிதவள மேலாண்மை என்று பெயர். தமிழக அரசிலும் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2021இல் மனிதவள மேலாண்மைத் துறை என்று பெயர் மாற்றம் பெற்றது. தகுதியானவரைத் தகுதியான இடத்தில் அமர்த்துவதே இந்தத் துறையின் நோக்கம் என்று பாடத்தில் படிக்கிறோம். அந்தத் தகுதியை அளக்கும் இடத்தில்தான் சாதி சத்தமில்லாமல் உள்ளே வருகிறது.

ஒரே படிப்பு, வேறு பெயர்

பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அமெரிக்க ஆய்வாளர் பால் அட்டவெல்லும் 2005இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஆங்கில நாளிதழ்களில் தனியார் நிறுவனங்கள் வெளியிட்ட வேலை விளம்பரங்களுக்குக் கற்பனையான விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றுதான். பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதியைக் காட்டும் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின.

முடிவு 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வந்தது. உயர்சாதிப் பெயருக்கு மூன்று அழைப்பு வந்தால், அதே தகுதியுள்ள தலித் பெயருக்கு ஏறத்தாழ இரண்டு. முஸ்லிம் பெயருக்கு ஒன்று. இங்கே யாரும் யாரையும் நேரில் பார்க்கவில்லை. காகிதத்தில் இருந்த பெயரே வேலையை முடித்துவிட்டது.

அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் டெல்லி வட்டாரத்தில் 25 பெரிய நிறுவனங்களின் எச்.ஆர். மேலாளர்களைச் சந்தித்தார்கள். சாதி பார்ப்பதில்லை, திறமையை மட்டுமே பார்க்கிறோம் என்பதே பொதுவான பதில். ஆனால் விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைக் கேட்பது அவர்களிடம் பரவலான வழக்கமாக இருந்தது. அப்பா என்ன செய்கிறார், வீட்டில் யார் படித்தவர்கள், எந்த ஊர் என்று கேட்கிறார்கள். நல்ல குடும்பத்தில் வந்தவர் ஒழுங்காக வேலை செய்வார் என்பது அவர்கள் நம்பிக்கை.

அப்பா கூலி வேலை, அம்மா நூறு நாள் வேலை, வீட்டில் முதல் பட்டதாரி நான்தான் என்று சொல்லும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் எவ்வளவு ஏறி வந்திருக்கிறாள் என்பதற்கு அந்தப் பதில்தான் சான்று. அதே பதில் மேசைக்கு எதிரே இருப்பவரிடம் குறையாகப் பதிவாகிறது. சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்காததால், யார் மீதும் புகார் கொடுக்கவும் முடியாது.

இப்படிச் சல்லடை போட்டுச் சலித்ததன் விளைவை மேலே பார்க்கலாம். 1,000 இந்திய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012இல் வெளியான கட்டுரையின்படி, உறுப்பினர்களில் 93 சதவீதம் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 சதவீதம்தான்.

நம்மிடம் சாதிப் பெயர் இல்லையே?

நமக்குப் பெயருக்குப் பின்னால் சாதி கிடையாது, இனிஷியல்தான் என்று சிலர் சொல்வார்கள். பெரியார் இயக்கம் தந்த பெருமை அது, மறுக்கவில்லை. ஆனால் நம் பயோடேட்டாவில் முகவரி இருக்கிறது. 'காலனி' என்று எழுதினால் போதும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்று படித்த இடத்தின் பெயரே சாதியைச் சொல்லிவிடும். வத்தல்மலை என்று ஊர்ப் பெயரை எழுதினாலே இந்த மாவட்டத்தில் யாருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் பெயரை மாற்றினாலும் கேட்கிறவர் "அது எந்தப் பக்கம்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். கேள்வி கேட்கும் முறையும் மாற வேண்டும்.

இனச்சுழற்சியும் ஒப்பந்தமும்

அரசு வேலையில் இந்தச் சிக்கலுக்கு நம் மாநிலம் ஒரு வழி கண்டது. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். எந்தப் பணியிடம் யாருக்கு என்பதை இனச்சுழற்சிப் பட்டியல் முன்கூட்டியே சொல்லிவிடும். தேர்வு செய்பவரின் மனநிலைக்கு அங்கே இடம் குறைவு. நம்மைக் கேட்டால், தமிழ்நாட்டின் மிகச் சிறந்த மனிதவள நடைமுறை இதுதான்.

இந்த நடைமுறை ஓசையில்லாமல் சுருங்கி வருகிறது. அரசு மருத்துவமனைகள் தொடங்கிப் பல அலுவலகங்களில் காவல், தூய்மை, கணினிப் பதிவு வேலைகள் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக நடக்கின்றன. ஆளை எடுப்பவர் ஒப்பந்ததாரர். விளம்பரம் இல்லை, தேர்வு இல்லை, இனச்சுழற்சி இல்லை. தெரிந்தவர் சொன்னால் வேலை. மலையில் இருக்கும் பெண்ணுக்கு எந்த ஒப்பந்ததாரரைத் தெரியும்?

2022 அக்டோபரில் மனிதவள மேலாண்மைத் துறை அரசாணை 115 வெளியிட்டு ஒரு சீர்திருத்தக் குழுவை அமைத்தது. வெளிமுகமை மூலம் பணியமர்த்துவதும் அதன் ஆய்வு வரம்பில் இருந்தது. அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அடுத்த மாதமே ஆய்வு வரம்புகள் ரத்து செய்யப்பட்டன. ஆனால் 2025 ஆகஸ்டில் சென்னையில், இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பதிமூன்று நாள் அமர்ந்திருந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. எந்த ஒதுக்கீடும் இல்லாமலே தலித் மக்கள் நிறைந்திருக்கும் வேலை தூய்மைப் பணி. நிரந்தரம் ஆனால் ஒரு தலைமுறை தலைநிமிரும் என்ற நேரத்தில் அது ஒப்பந்தத்துக்குப் போகிறது.

வழி இல்லாமல் இல்லை. 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் இடஒதுக்கீடு உண்டு என்று ஒன்றிய அரசு 2022 நவம்பரில் தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. பக்கத்து மாநிலமான கர்நாடகம் 2024இல் அரசுத் துறைகளின் வெளிமுகமைப் பணிகளிலும் ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. ஓசூரைத் தாண்டினால் இருக்கும் விதி இங்கே ஏன் இருக்கக் கூடாது?

தகுதி போய்விடுமா?

உடனே தகுதி என்ற பேச்சு எழும். ஷ்மிட், ஹண்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகளை எழுதி வைத்து, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், மனம்போன போக்கில் நடக்கும் நேர்காணலைவிட நல்ல பணியாளரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. ஆக, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பதை விட்டுவிட்டால் கம்பெனிக்கும் லாபம்தான்.

தனியார் துறையில் ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லை. குறைந்தபட்சம் கணக்காவது வேண்டும். அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் எந்த இனத்தவர் எந்த நிலையில் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் அரசுக்குச் சொல்ல வேண்டும். நம் பங்குச்சந்தை வாரியமான செபி, பெரிய நிறுவனங்களிடம் பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று கேட்கிறது. பணியாளர்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்று கேட்பதில்லை.

ஓசூர் பக்கத்து ஆலைகள் இளம்பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுக்கின்றன. நம் மாவட்டத்துக்கும் சிப்காட் தொழிற்பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. அரசு நிலமும் சலுகையும் பெறும் ஆலைகள், கடைநிலை ஊழியர் முதல் மேலாளர் வரை பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதை நிபந்தனையாகவே எழுதலாம்.

மாணவர்களுக்கு இரண்டு சொல். பழங்குடிச் சான்றிதழ் தருபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். வேலைக்கு அழைப்பு வந்த பிறகு அலையாமல், படிக்கும்போதே வாங்கி வையுங்கள். உங்கள் ஊர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர், அவர்களை எடுத்த முறை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 16 சதவீதத்துக்கு மேல், பழங்குடியினர் 4 சதவீதத்துக்கு மேல். மாவட்ட நிர்வாகம் முதலில் தன் அலுவலகங்களின் ஒப்பந்தப் பணியாளர் கணக்கை இந்த எண்களோடு சேர்த்து வைத்து வெளியிடட்டும். கம்பெனிகளிடம் அதன் பிறகு கேட்கலாம்.