கறுப்புப் புலிக்கு லைக் போடுறதுக்கு முன்னாடி

இந்த வார எபிசோடில் ஜீன் சீக்வென்சிங் பத்திப் பேசினோம். கறுப்புப் புலி விஷயத்துக்கு நேரம் பத்தலை, அதை இங்கே எழுதிடறேன்.

ஒடிசாவில் சிமிலிபால் புலிகள் காப்பகம். அங்கே சில புலிகளுக்கு வரிகள் தடித்து, ஒன்றோடொன்று கலந்து, உடம்பே கறுப்பாகத் தெரியும். பெங்களூரு என்.சி.பி.எஸ்-இன் உமா ராமகிருஷ்ணன், வினய் சாகர் குழு 2021-இல் காரணத்தை வெளியிட்டது: டாக்பெப் என்ற ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கு. ஃபாரஸ்ட் கேட் மதில்களில் படுத்திருக்கும் டேபி பூனைகளில் சிலதுக்குக் கோடுக்குப் பதிலா சுழல் சுழலாத் திட்டு இருக்குமே, அதுக்கும் இந்த ஜீனில் வரும் மாற்றம்தான் காரணம்.

அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயிருந்தும் அந்த மாற்றம் வந்தாத்தான் குட்டி கறுப்பாகும். பெரிய கூட்டத்தில் இது அபூர்வம். சிமிலிபாலில் 37 சதவீதம். அதுக்கு வெளியே எந்தக் காட்டுப் புலியிடமும் அது கிடைக்கலை. கிடைச்சது நந்தன்கானன், ராஞ்சி, நம்ம வண்டலூர் ஜூக்களில் மட்டும்.

அதாவது, கொஞ்சம் புலிகள், வெளியிலிருந்து வரவு இல்லை, சொந்தத்துக்குள்ளேயே ஜோடி. கறுப்பு நிறமே நோய்னு யாரும் சொல்லலை. ஆனா அது பெருகின அதே வழியில் கெட்ட ஜீன்களும் பெருகலாம். ஃபுளோரிடா பாந்தர்களுக்கு வால் வளைஞ்சது, இதயத்தில் கோளாறு வந்தது. 1995-இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் கூட்டம் தேறியது.

2024 ஜனவரியில் ஒடிசா அரசு, பாரிபதா பக்கத்தில் கறுப்புப் புலி சஃபாரி அறிவிச்சது. எனக்கு இதில் உடன்பாடில்லை. டூரிஸ்ட் காசு வந்தா காட்டுக்கும் நல்லதுதானேன்னு கேட்கலாம். ஆனா எச்சரிக்கை மணியையே பிராண்ட் ஆக்கிட்டா, அதை நிறுத்த யாருக்கு மனசு வரும்?

அதே வருஷக் கடைசியில் அவங்க செஞ்ச இன்னொரு வேலைதான் சரி: மகாராஷ்டிராவின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத்னு ரெண்டு பெண் புலிகளைக் கொண்டுவந்தாங்க. ஜீனத் காப்பகத்தை விட்டு வெளியேறி, ஜார்க்கண்ட் வழியா மேற்கு வங்காளம் வரை நடந்தாள். டிசம்பர் கடைசியில் பிடிச்சுத் திரும்பக் கொண்டுவந்தாங்க. புலி நடக்கத் தயார். நடுவில் ஊரும் ரோடும் இருக்கு, பத்திரமான வழிதான் இல்லை.

உதிர்ந்த முடியையும் எச்சத்தையும் வச்சே யார் யாருக்குச் சொந்தம்னு இன்னைக்கு டெக்னாலஜி சொல்லிடும். வழியை அது போட்டுத் தராது; நிலம் ஒதுக்கணும், பணம் ஒதுக்கணும். நம்ம ஏரியாவுக்குப் பேர் வந்ததே, காட்டில் மேய்ந்த மாடுகள் ரோம்ஃபோர்ட் ரோட்டுக்கு வராம தடுத்த ஒரு கேட்டால. சிமிலிபாலுக்கு வேண்டியது திறந்த கேட்.