சுவரில் செடி வளரட்டும். இன்ஹேலர் கையில் இருக்கட்டும்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலிருந்து எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வருவோர் அடிக்கடி ஒரு வினாவை எழுப்புகின்றனர்: “வீட்டுச் சுவரில் செடி வளர்த்தால் காற்று தூய்மையாகுமா? இன்ஹேலரைக் குறைத்துக்கொள்ளலாமா?” சென்னையின் மேம்பாலத் தூண்களில் மாநகராட்சி அமைத்த செங்குத்துத் தோட்டங்களைக் கண்டோருக்கு இவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. மரம் நட ஒரு முழ நிலமும் இல்லாத தெருக்களில் சுவர்கள் மட்டுமே எஞ்சியுள்ளன.

சுவர்த்தோட்டத்தால் உறுதியாகக் கிடைக்கும் பயன் குளிர்ச்சி. இலைகள் வெயிலைத் தடுக்கின்றன. அவற்றிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பமும் தணிகிறது. பிற்பகல் முழுவதும் காயும் மேற்குச் சுவர், இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் உமிழ்கிறது. உறக்கமின்றித் தவிக்கும் முதியோருக்கும் இதய நோயாளிகளுக்கும் இது சிறு துன்பமன்று. ஆகவே, மேம்பாலத் தூண்களைக் காட்டிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றின் மேற்குச் சுவர்களுக்கே இத்தோட்டங்கள் முதலில் தேவை என்பது எங்கள் கருத்து.

காற்றின் தூய்மை வேறு செய்தி. செடிகள் காற்றிலுள்ள வேதிப்பொருள்களை அகற்றும் என்று 1989இல் வெளியான நாசா ஆய்வு, மூடிய சிறு பெட்டிக்குள் நிகழ்த்தப்பட்டது. அத்தகைய ஆய்வுகளை அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் மறுமதிப்பீடு செய்தனர். வீட்டின் இயல்பான காற்றோட்டம் ஆற்றும் பணிக்கு ஈடாக, ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டனர். வெளிச்சுவரின் இலைகளில் தூசி ஓரளவு படியும் என்பது மெய்யே. ஆயினும், லாரிப் புகையிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்வன; அவற்றைத் தடுக்கும் அரணாகச் சில தொட்டிகளை நம்ப இயலாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியை மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளுள் ஒன்றாக 2009இலேயே வகைப்படுத்தியது. புகையையும் தூசியையும் அவை பிறக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும். நிலக்கரியும் சாம்பலும் ஏற்றிய வண்டிகள் மூடப்பட்டே செல்ல வேண்டும். தூண்களைப் பசுமையாக்கியதால் இக்கடமை தீர்ந்துவிடாது.

வீட்டில் வளர்க்க விரும்புவோர், தரையில் வைத்த தொட்டியிலிருந்து அவரை, பசலை, சங்குப்பூ போன்ற கொடிகளைக் கயிற்றில் ஏற்றலாம். கொடிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுக. சுவர் ஈரம் கோத்துப் பூஞ்சை படர்ந்தால் ஆஸ்துமா மிகும். தொட்டித் தட்டில் தேங்கும் நீர் டெங்குக் கொசுவுக்கு இடமளிக்கும். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோரும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் மண்ணையும் எருவையும் கையாளும் பணியைப் பிறரிடம் ஒப்படைப்பது நலம்.

செடி வளர்ப்பதை நாங்கள் மகிழ்வுடன் வரவேற்கிறோம். ஆனால், மருத்துவரைக் கேளாமல் இன்ஹேலரை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.