ஜாடிக்கேற்ற பூ

ஜாடிக்கேற்ற மூடி என்று தம்பதிகளைப் பார்த்துச் சொல்வோம் அல்லவா? ஜாடிக்கேற்ற பூ என்றும் ஒன்று உண்டு. அதை எனக்குக் காட்டியவர் பாலக்கரையிலுள்ள என் சிநேகிதியின் மாமியார்.

சிநேகிதிக்கு அவள் தம்பி புதுச்சேரியிலிருந்து ஒரு பூஜாடி வாங்கி வந்தான். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே 'கோல்டன் பிரிட்ஜ்' மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் தொழில் பயின்றவர். களிமண்ணில் சிற்பம் செய்யும் கலைஞர்கள் பலர் அந்தக் கூடத்தில் பயின்று வெளிவந்திருக்கிறார்கள். தம்பி வாங்கி வந்த ஜாடியும் சிற்பம் போலத்தான் இருந்தது. சங்கை முறுக்கினாற்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்த உடல், சின்னஞ்சிறு வாய்.

சிநேகிதி உடனே காந்தி மார்க்கெட்டுக்குப் போய் ரோஜாவும் செவ்வந்தியுமாக வாங்கி வந்து அடைத்துவிட்டாள். ஜாடியையே காணோம்! நம் ஊர்க் கடைப்பூ, தொடுப்பதற்காகப் பறித்தது. காம்பு ஏது? மறுநாளே எல்லாம் தலை தொங்கிவிட்டன.

"பூவுன்னா சாமிக்கு, இல்லேன்னா தலைக்கு. ஜாடிக்கு எதுக்கும்மா இத்தனை?" என்றார் மாமியார். மருமகளுக்கு முகம் சுண்டிவிட்டது. ஜாடி அலமாரிக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் வீட்டில் பேச்சும் குறைவு.

அப்புறம் ஆடிக் காற்றில் கொல்லை நந்தியாவட்டைக் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. தரையில் விழுந்ததைச் சாமிக்கு வைக்க மனமில்லை, தலைக்கும் ஆகாது. குப்பையில் போடவும் மாமியாருக்குக் கை வரவில்லை. ஜாடியை இறக்கித் தண்ணீர் ஊற்றிச் செருகினார். ஜாடி ஒரு பக்கம் சாய, கிளை மறுபக்கம் சாய, என்ன பொருத்தம் என்கிறீர்கள்! மருமகள் வாயே திறக்கவில்லை. கூடத்து மேஜையைத் துடைத்து இடம் செய்து கொடுத்தாள்.

ஜாடியே அழகாக இருந்தால் பூ அடக்கமாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம். ஜப்பானியரின் 'இக்கபானா' கலையில் இதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஜாடியின் உயரம் 8 அங்குலம், அகலம் 4 அங்குலம் என்றால், இரண்டையும் கூட்டி ஒன்றரையால் பெருக்குங்கள். முதல் காம்பு 18 அங்குலம். அதில் முக்கால் பங்கு இரண்டாவது. இரண்டாவதில் முக்கால் பங்கு மூன்றாவது. வாய் குறுகிய ஜாடிக்கு ஒரே காம்பு போதும்.

கடையில் உதிரிப்பூ கேட்காமல், சம்பங்கியைத் தண்டோடு கேளுங்கள். காம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்திச் சாய்வாக வெட்டுங்கள். நீரில் முங்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். தினமும் தண்ணீர் மாற்றுங்கள். மெருகிடாத மண்ஜாடி கசியும். உள்ளே ஒரு கண்ணாடித் தம்ளர் வையுங்கள். வாய் அகன்ற ஜாடியானால், அடியில் வாழைத்தண்டுத் துண்டு ஒன்றை இறுக்கி வைத்து அதில் காம்பைக் குத்தலாம்.

சிற்ப ஜாடிக்கு எங்கே போவது என்கிறீர்களா? பரணில் பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி இருக்குமே! அந்தப் பழுப்பு நிறத்துக்கு நாலு வெள்ளைச் சம்பங்கி வைத்துப் பாருங்கள். உங்கள் மாமியாரும் ஒன்றும் சொல்லமாட்டார்!